"தேவதை" பட்டம் யாருக்கு வேண்டும்? பக்கத்தில் இன்னொரு நர்சு இருந்தால் போதும்!

காத்திவாக்கம் ரெயில் நிலையம். இன்னும் சரியாக விடியவில்லை.

பிளாட்பாரத்தில் மீன் கூடைகள், பால் கேன்கள், முதல் ஷிப்டுக்குப் போகும் தொழிலாளிகள். அவர்களுக்கு நடுவே ஒரு பெண். தோளில் ஒரு பை. பைக்குள் டிபன் டப்பாவும், மடித்து வைத்த வெள்ளைக் கோட்டும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் இருந்து வரும் மின்சார ரெயிலில் ஏறுகிறார். விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை எல்லாம் தாண்டி வண்ணாரப்பேட்டையில் இறங்குகிறார். அங்கிருந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓட்டமும் நடையும்.

அவர் ஒரு நர்சு.

வடசென்னையில் இப்படிக் கிளம்புகிறவர்கள் ஒருவர் இருவர் அல்ல. சிலர் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். சிலர் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் உள்ள தனியார் நர்சிங் ஹோம்களுக்கு. சிலர் மாநகராட்சி சுகாதார நிலையங்களுக்கு. வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டு, பிள்ளைக்குத் தலை வாரி விட்டு, மாமியாருக்கு மாத்திரை எடுத்து வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். போகிற இடத்திலும் அதே வேலைதான். மாத்திரை, கஞ்சி, கட்டு, ஊசி!

ஆண்டுதோறும் மே 12-ந் தேதி நர்சுகள் தினம் வருகிறது. அன்று மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். ரோஜாப் பூ கொடுக்கிறார்கள். "நீங்கள் வெள்ளுடை தேவதைகள்" என்று மேடையில் பேசுகிறார்கள். மறுநாள் 13-ந் தேதி. அதே வார்டு. அதே கூட்டம். அதே கூச்சல்!

நர்சுகளை வாட்டும் மன உளைச்சல் எங்கிருந்து வருகிறது? எது அதைக் குறைக்கும்? பூவும் பட்டமும் குறைக்குமா?

தலைக்கு 24 நிமிடம்

இந்திய நர்சிங் கவுன்சில் ஒரு கணக்கு வகுத்து வைத்திருக்கிறது. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பொது வார்டு என்றால் 3 நோயாளிகளுக்கு ஒரு நர்சு. மற்ற பொது ஆஸ்பத்திரிகளில் 5 நோயாளிகளுக்கு ஒரு நர்சு. லீவில் போகிறவர்களை ஈடுகட்ட இதற்கு மேல் 30 சதவீதம் ஆட்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அரசு ஆஸ்பத்திரி வார்டில் ஒரே ஒரு ராத்திரி துணைக்குப் படுத்தவர்களுக்குத் தெரியும், இது ஏட்டில் உள்ள கணக்கு என்று!

சின்னதாக ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வார்டில் 30 கட்டில். இரவில் ஒரே நர்சு. இரவு டூட்டி 12 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 720 நிமிடம். தலைக்கு 24 நிமிடம் வருகிறது. அந்த 24 நிமிடத்துக்குள் ஊசி போட வேண்டும். டிரிப் மாற்ற வேண்டும். ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். மாத்திரை கொடுக்க வேண்டும். கொடுத்ததை எல்லாம் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் மறுநாள் விளக்கம் கேட்பார்கள்.

இதில் ஒரே ஒரு நோயாளிக்கு நிலைமை மோசமானால் போதும். அவர் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் நிற்க வேண்டியதுதான். அந்த ஒரு மணி நேரம் மற்ற 29 பேரின் நிமிடங்களில் இருந்து போகிறது.

"சிஸ்டர், டிரிப் முடிஞ்சிடுச்சு!"

"யக்கா, எங்கப்பாவுக்கு மூச்சு வாங்குதுக்கா!"

"எவ்ளோ நேரமா கூப்பிடறேன், காதுல விழலையா?"

மூன்று குரல். இரண்டு கை. கேட்கிறவர்களிடம் தப்பு இல்லை. அவரவர் உயிர் அவரவருக்கு வெல்லம். ஆனால் அந்த இரண்டு கைக்காரர் என்ன செய்வார்?

நள்ளிரவில் வந்த நெடி

காத்திவாக்கம் மக்களுக்கு ஆஸ்பத்திரியின் அருமையைச் சொல்லித் தர வேண்டியது இல்லை.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் அடித்தது. வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எண்ணூர் முகத்துவாரத்தில் கலந்து, வலையும் படகும் கறுத்துப் போயின. அந்தக் கறை போவதற்குள் அதே மாதம் 26-ந் தேதி இன்னொரு இடி. நள்ளிரவு நெருங்கும் நேரம். பெரியகுப்பம், சின்னக்குப்பம் பக்கம் தூங்கிக் கொண்டிருந்தவர்கள் மூக்கைத் துளைக்கும் நெடியால் திடுக்கிட்டு எழுந்தார்கள். கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலில் வரும் அமோனியாவைக் கொண்டு போகும் கடலடிக் குழாயில் கசிவு!

கண் எரிச்சல், மூச்சுத் திணறல், வாந்தி. குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜனங்கள் ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். பலர் ஸ்டான்லிக்கும் தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் கொண்டு போகப்பட்டார்கள்.

இந்த மாதிரி ராத்திரியில் அவசரப் பிரிவில் இருக்கும் நர்சின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஆம்புலன்சு வந்து கொண்டே இருக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சுக்குத் தவிக்கிறார்கள். யாருக்கு முதலில் ஆக்சிஜன் வைப்பது? அந்த நர்சின் வீடும் அதே குப்பத்துப் பக்கம் இருந்துவிட்டால்? பெற்ற பிள்ளை பத்திரமா என்று போனில் கேட்கக்கூட நேரம் இருக்காது.

அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியது பூச்செண்டு அல்ல. "நீ இந்தப் பக்கம் பாரு, நான் அந்தப் பக்கம் பாக்கறேன்" என்று சொல்ல இன்னொரு ஆள்!

கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி

ஸ்டான்லிக்குப் பழைய பெயர் ஒன்று உண்டு. வடசென்னைப் பெரியவர்கள் இன்றும் அதைத்தான் சொல்வார்கள். கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி! 1782-ல் பஞ்சத்தில் அடிபட்ட ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்ற மணியக்காரர் சத்திரம் ஏற்பட்டது. அதை ஒட்டி வளர்ந்ததுதான் இந்த ஆஸ்பத்திரி. 1938-ல் இங்கு மருத்துவக் கல்லூரி வந்தது. சென்னை மாகாண கவர்னராக இருந்த ஸ்டான்லியின் பெயர் நிலைத்தது.

நர்சு படிப்புக்கும் சென்னைதான் வாசல். 1871-ல் சென்னை பெரிய ஆஸ்பத்திரியில் தொடங்கியதுதான் நாட்டின் முதல் நர்சிங் பயிற்சிப் பள்ளி என்று சொல்கிறார்கள். 1926-லேயே நர்சுகளையும் தாதிமார்களையும் பதிவு செய்ய இங்கு சட்டம் வந்துவிட்டது.

ஒன்றரை நூற்றாண்டுப் பாரம்பரியம்! ஆனால் இரவு டூட்டிக்கு வரும் நர்சுக்கு உடை மாற்ற ஓர் அறை, தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு இருக்கிறதா என்று கேட்டால் பதில் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. இது சின்ன விஷயமா? இல்லை. ஒரு நர்சின் வாழ்க்கையே இதில் முடிந்திருக்கிறது.

42 ஆண்டுகள்!

பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரி. 1973 நவம்பர் 27. அருணா ஷான்பாக் என்ற நர்சு டூட்டி முடித்து, உடை மாற்ற அடித்தளத்துக்குப் போனார். வயது 25. சொந்த ஊர் கர்நாடகத்தில் ஹல்திபூர். அங்கே அதே ஆஸ்பத்திரியின் துப்புரவு ஊழியன் ஒருவன் அவரைத் தாக்கினான். நாய்ச் சங்கிலியால் கழுத்தை இறுக்கிப் பாலியல் கொடுமை செய்தான். மூளைக்கு ரத்த ஓட்டம் தடைபட்டது. மறுநாள்தான் அவரைக் கண்டுபிடித்தார்கள். உயிர் இருந்தது. நினைவு திரும்பவில்லை.

குற்றவாளிக்குக் கொலை முயற்சிக்கும் திருட்டுக்கும் 7 ஆண்டு தண்டனை கிடைத்தது. பாலியல் குற்றத்துக்குத் தண்டனை இல்லை. அவன் சிறையில் இருந்து வெளியே வந்துவிட்டான். அருணா கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

இதற்கு அப்புறம் நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். பம்பாய் நர்சுகள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அருணாவுக்குச் சரியான சிகிச்சை வேண்டும், எங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டார்கள். 1980-களில் மாநகராட்சி அவரை ஆஸ்பத்திரியை விட்டு வெளியேற்றப் பார்த்தபோது மறுபடி கொதித்து எழுந்தார்கள். மாநகராட்சி பின்வாங்கியது.

அன்று முதல் முறை போட்டு அவரைப் பார்த்துக் கொண்டார்கள். அருணாவை முன்னே பின்னே அறியாத, அவர் விழுந்த பிறகு பிறந்த நர்சுகள்கூட அவருக்குச் சோறு ஊட்டினார்கள். புரட்டிப் படுக்க வைத்தார்கள். இத்தனை ஆண்டு படுக்கையில் கிடந்தவருக்கு ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை. அவரைக் கருணைக் கொலை செய்யலாமா என்ற வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. 2011 மார்ச் 7-ந் தேதி தீர்ப்பு. அருணாவின் சார்பில் முடிவு சொல்லும் உரிமை கே.இ.எம். ஊழியர்களுக்குத்தான் என்றது கோர்ட்டு. அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. 2015 மே 18-ந் தேதி அருணா நிமோனியாவில் கண்ணை மூடும் வரை, 42 ஆண்டுகள், அந்தக் கட்டில் பக்கத்தில் ஒரு நர்சு இருந்தார்.

நர்சுக்கு நர்சு துணை என்றால் இதுதான்!

ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. விழுந்த பிறகு 42 ஆண்டு தாங்கிய துணை, விழுவதற்கு முன்னால் அந்த அடித்தளத்தில் ஐந்து நிமிடம் இருந்திருந்தால்?

அதே கேள்விதான் 51 ஆண்டு கழித்து மறுபடி வந்தது. 2024 ஆகஸ்டு 9-ந் தேதி கொல்கத்தா ஆர்.ஜி.கர் ஆஸ்பத்திரியில், இரவு டூட்டிக்கு நடுவே கருத்தரங்கு அறையில் கண்ணயர்ந்த பெண் பயிற்சி டாக்டர் பாலியல் கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். சுப்ரீம் கோர்ட்டு தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. இரவில் வேலை செய்யும் டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் ஓய்வறை இல்லை, வீடு திரும்ப வண்டி வசதி இல்லை என்று சுட்டிக்காட்டி, பாதுகாப்புக்கு யோசனை சொல்ல தேசிய அளவில் ஒரு குழுவை நியமித்தது.

கை நீட்டினால் ஜெயில்

ஆஸ்பத்திரியில் நர்சு மீது கை நீட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2008-ம் ஆண்டே இதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. டாக்டர், நர்சு, ஊழியர் யாரைத் தாக்கினாலும், ஆஸ்பத்திரிச் சொத்தை உடைத்தாலும் 3 ஆண்டு முதல் 10 ஆண்டு வரை ஜெயில். அபராதமும் உண்டு.

சட்டம் இருந்தும் எத்தனை பேர் புகார் கொடுக்கிறார்கள்? "ஏம்மா, போலீஸ் ஸ்டேஷன் கோர்ட்டுன்னு அலையப் போறியா? விட்டுட்டு வேலையைப் பாரு" என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். "வா, நான் கூட வர்றேன்" என்று சொல்ல ஒருவர் வந்தால்தான் சட்டத்துக்கு உயிர் வரும்.

7,700 ரூபாய்ச் சம்பளம்

உளைச்சலுக்கு இன்னொரு வேர் சம்பளக் கவர்.

2015-ல் மருத்துவத் தேர்வாணையம் பரீட்சை வைத்து ஆயிரக்கணக்கான நர்சுகளை அரசு ஆஸ்பத்திரிகளுக்கு எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டு முடிந்தால் நிரந்தர ஊதியம் என்ற பேச்சு. இரண்டு ஆண்டு ஓடியது. பெரும்பாலோருக்கு நிரந்தரம் வரவில்லை.

2017 நவம்பர் 27-ந் தேதி தமிழ்நாடு முழுவதும் இருந்து கைக்குழந்தையும் பையுமாக வந்து, தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். வெறும் தரையில் படுத்தார்கள். ஐகோர்ட்டு தலையிட்ட பிறகே போராட்டம் முடிந்தது. அதற்கு அப்புறம் தொகுப்பூதியம் 14,000 ஆகி, பிறகு 18,000 ஆனது.

கொரோனா வந்தது. 2020-ல் அவசரம் அவசரமாக நர்சுகளைத் தற்காலிகமாகச் சேர்த்தார்கள். கவச உடைக்குள் வேர்த்து ஊற்ற வேலை செய்தார்கள். வீட்டு மொட்டை மாடியில் நின்று ஜனங்கள் கைதட்டினார்கள். 2022 டிசம்பர் 31-ந் தேதியோடு அவர்களில் சுமார் 2,300 பேரின் ஒப்பந்தம் முடிந்தது. வேறு திட்டத்தில் வேலை தருவதாக அரசு சொன்னது. அவர்களோ, "கைதட்டினது போதும், வேலையைத் திருப்பிக் குடுங்க" என்று தெருவுக்கு வந்து போராடினார்கள்.

தனியார் ஆஸ்பத்திரி நிலைமை வேறு. சுப்ரீம் கோர்ட்டு சொன்னபடி 2016-ல் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரியில்கூட நர்சுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரை செய்தது. பரிந்துரைதான். உங்கள் தெரு நர்சிங் ஹோமில் ஊசி போடும் பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள், அது வந்து சேர்ந்ததா என்று!

நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவருக்கு இன்றைய வேலையில் மனம் எப்படி நிற்கும்?

ஒரு நோயாளி கூடினால்…

"நர்சு பாடு நர்சுக்கு, நமக்கென்ன?" என்று கேட்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு அமெரிக்காவில் இருந்து ஒரு பதில்.

பென்சில்வேனியா மாநிலத்தில் 168 ஆஸ்பத்திரிகளில் லிண்டா ஐகென் என்ற நர்சிங் பேராசிரியையும் அவருடைய குழுவும் ஆராய்ச்சி செய்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு நர்சின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடுதலாகச் சேரும்போது, ஆபரேஷன் முடிந்த நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது! நர்சு வேலையில் மனம் வெந்து களைத்துப் போகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது!

ஆக, நர்சின் களைப்பு நர்சோடு போவதில்லை. கட்டிலில் படுத்திருக்கும் உங்கள் அப்பாவரை வருகிறது.

துணை நாலு விதம்

துணை என்றால் "பாவம்மா நீ" என்று உச்சுக் கொட்டுவது மட்டும் அல்ல. ஜேம்ஸ் ஹவுஸ் என்ற அமெரிக்க சமூகவியல் பேராசிரியர் 1981-ல் வேலை இடத்துத் துணையை நாலாகப் பிரித்துச் சொன்னார். நம் வார்டுக்கு ஏற்றபடி சொன்னால் இப்படி வரும்:-

முதலாவது, காது கொடுப்பது. ஒரு குழந்தை இறந்த ராத்திரிக்கு மறுநாள் காலையில், அந்த நர்சு சொல்வதைக் குறுக்கே பேசாமல் ஒருவர் கேட்பது.

இரண்டாவது, கை கொடுப்பது. காலியிடத்தை நிரப்புவது. இரவில் இன்னொரு ஆள் போடுவது. லீவு கேட்டால் "யாரு பாப்பாங்க?" என்று மடக்காமல் மாற்று ஆள் தருவது.

மூன்றாவது, வழி சொல்வது. புது மெஷின், புது மருந்து வந்தால் சீனியர் சிஸ்டர் பக்கத்தில் நின்று சொல்லித் தருவது. தப்பு நடந்த பிறகு திட்டுவதற்குப் பதில், நடப்பதற்கு முன் சொல்வது.

நாலாவது, செய்ததைச் சொல்வது. "நேத்து அந்தக் கேசை நீ பார்த்ததாலதான் பொழைச்சுது" என்று டாக்டரோ சூப்பிரண்டோ நேராகச் சொல்லும் ஒரு வரி.

மே 12-ந் தேதி ரோஜாவில் நாலாவது மட்டும் கொஞ்சம் இருக்கிறது. மற்ற மூன்றும் இல்லை. முக்கியமாக இரண்டாவது இல்லை. அதற்குத்தான் பணம் செலவாகும்!

வீட்டிலும் இந்தத் துணை வேண்டும். இரவு டூட்டி முடிந்து வந்தவர் பகலில் தூங்கினால், "பொம்பளை இந்நேரம் வரைக்கும் தூங்கறா" என்று அக்கம்பக்கம் பேசும். அன்று காலை ஒரு குண்டான் சோறு வடித்து வைக்கிற கணவன், பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருகிற மாமனார். இவர்களும் ஆஸ்பத்திரி நடக்கக் காரணமானவர்கள்தான். சட்டத்திலும் இடம் இருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்று 2017-ல் மகப்பேறு சலுகைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதைக் கேட்டு வாங்க யூனியன்களும் சங்கங்களும் குரல் கொடுக்க வேண்டும்.

மனம் ரொம்பவும் தளர்ந்து போனால், நர்சு ஆனாலும் சரி, வேறு யார் ஆனாலும் சரி, 14416 என்ற இலவச எண்ணுக்கு எந்த நேரத்திலும் போன் செய்யலாம். 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி இது. தமிழிலேயே பேசலாம்.

இரவு ரெயில்

இரவு 9 மணிக்கு மேல் ஆகிவிட்டது. மதிய டூட்டி முடித்த நர்சுகள் வண்ணாரப்பேட்டை ஸ்டேஷனுக்கு வருகிறார்கள். மெட்ரோ ரெயில் விம்கோ நகரோடு நின்றுவிடுகிறது. காத்திவாக்கம், எண்ணூர் போகிறவர்களுக்கு மின்சார ரெயில்தான். இல்லாவிட்டால் பஸ்.

பெண்கள் பெட்டியில் ஜன்னல் ஓரம் ஒருவர் தலை சாய்த்துக் கண்ணை மூடுகிறார். பக்கத்தில் உட்கார்ந்தவர் அறிந்தவரா, அறியாதவரா தெரியாது. "எங்க எறங்கணும்? காத்திவாக்கமா? தூங்கும்மா, நான் எழுப்பறேன்" என்கிறார்.

முகம் தெரியாத ஒருவர் செய்யும் இந்த உதவியை, சம்பளம் கொடுக்கும் ஆஸ்பத்திரி செய்யக் கூடாதா? ஊருக்கெல்லாம் காவல் இருக்கிற பெண்ணுக்கு, அவர் கொஞ்சம் கண்ணயர, இன்னொருவர் காவல். அவர்கள் கேட்பது இவ்வளவுதான்.

அடுத்த மே 12-ந் தேதி மேடை ஏறுகிறவர்கள், பூ வாங்கும் காசுக்கு முன்னால் காலியிடக் கணக்கைப் பார்ப்பார்களா?